ஐந்தாவது துப்பாக்கி

மகள் மார்லிஸ் பொய் சொல்லத்தான் வருகிறாள் என்பது அவளுடைய வண்டிச் சத்தத்திலேயே ரெய்னோ கங்காஸுக்குத் தெரிந்துவிட்டது. எப்போதும் வளைவிலேயே ஹாரன் அடித்து, பனியைச் சிதறடித்துக்கொண்டு வந்து நிற்பவள், இன்று பூனை மாதிரி வந்து நிறுத்தினாள்.

அவர் அதற்குள் உடுத்தித் தயாராக இருந்தார். கறுப்புக் கோட்டு. படைவீரர் சங்கத்தின் தொப்பி. முகம் பார்க்கலாம் போலத் துடைத்த காலணி. நண்பர் வெய்க்கோவுக்கு இன்று காலை அடக்கம்.

படையில் இருந்தவர் எவர் இறந்தாலும் சங்கத்துக் கிழவர்கள் வரிசையாக நின்று வானை நோக்கி மூன்று முறை சுட்டு வழியனுப்புவது அந்த ஊரின் வழக்கம். அந்த வரிசையில் முதல் ஆள் ரெய்னோ. வியட்நாம் போரிலிருந்து திரும்பி, சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்து, தலை நரைத்து, மனைவி எல்மாவைப் பறிகொடுத்து, இத்தனைக்கும் நடுவில் அந்த இடத்தை அவர் ஒருநாளும் காலியாக விட்டதில்லை.

இன்று அவர் துப்பாக்கியைத் தொட்டால் குற்றம்.

சென்ற வாரம் ஆர்வோவின் துப்பாக்கிக் கடைக்கு அவர் போனது, வேட்டைக் காலத்துக்கு எடை குறைந்த ரைஃபிள் ஒன்று வாங்கலாமே என்றுதான். ஆர்வோ வழக்கம்போல் அவர் பெயரை அரசாங்கச் சோதனைக்கு அனுப்பினான். பதில் வந்ததும் அவன் முகம் தொங்கிப்போயிற்று. "ரெய்னோ, முடியாதுங்கறாங்கடா." பின்னால் இரண்டு பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். ரெய்னோ கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்த முதுகோடு வெளியே நடந்தார்.

மறுநாள் படைவீரர் நல அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். ஒரு பெண் பொறுமையாக விளக்கினாள். வசந்தத்தில் அவருக்கு லேசாகப் பக்கவாதம் வந்ததல்லவா? அதற்குப் பிறகு மின்சாரத்துக்கு இரண்டு தடவை கட்டினார், கணப்பு எண்ணெய்க்குக் கட்டவே மறந்தார். அப்பாவின் ஓய்வூதியத்தை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று மகள் கேட்டாள். அலுவலகமும் சம்மதித்தது. தன் ஓய்வூதியத்தைத் தானே நிர்வகிக்க இயலாதவர் என்று ஒருவரை முடிவு செய்துவிட்டால், துப்பாக்கி விற்கும்போது பார்க்கிற தடைப்பட்டியலுக்கு அவர் பெயர் தானாகப் போய்விடும். விதி அப்படி.

"உங்க பொண்ணு நல்ல மனசோடதான் கேட்டிருக்காங்க, சார்."

"என் பொண்ணு மனசு எனக்குத் தெரியும்," என்று சொல்லி ரெய்னோ தொலைபேசியை வைத்துவிட்டார்.

மார்லிஸுக்கு இந்த விதி முன்னாலேயே தெரிந்திருக்காது. அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஊர் அதைக் கேட்குமா? இந்த ஊரில் குடித்துவிட்டு ஏரிக்குள் வண்டியை விட்டவனைக்கூட மன்னித்துவிடுவார்கள். வேட்டைக் காலத்துக்கு முன்னால் அப்பன் கைத் துப்பாக்கியைப் பிடுங்கியவள் என்ற பெயர் ஒட்டிக்கொண்டால், அது அவள் கல்லறை வரைக்கும் கூட வரும். கங்காஸ் வீட்டுப் பெண்ணுக்கு அந்தப் பெயர் வரக்கூடாது. அவர் உயிரோடு இருக்கும்வரை வராது.

கதவு திறந்தது. குளிரும் மார்லிஸும் ஒன்றாக உள்ளே வந்தார்கள். ஆரஞ்சு நிறக் கம்பளித் தொப்பி, வண்டியோட்டிகளுக்கே உரிய அகலத் தோள்கள், எல்மாவின் மூக்கு.

"சாப்டீங்களாப்பா?"

"நேத்து கறி வச்ச பாஸ்டி ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. சூடு பண்ணிச் சாப்ட்டேன்."

"அடுப்ப அணைச்சீங்களா?"

"அணைச்சேன். அப்புறம் ரெண்டு தடவ போய்ப் பார்த்தேன். போதுமா?"

அவள் சிரிக்க முயன்றாள். கண் மட்டும் மூலையில் நின்ற துப்பாக்கி அலமாரிக்குப் போய்ப் போய் வந்தது. மான் உருவம் செதுக்கிய கண்ணாடிக் கதவு. உள்ளே பச்சைத் துணி ஒட்டிய ஐந்து பள்ளங்கள்.

"அப்பா, நாளைக்கு வேட்டை ஆரம்பம் இல்லையா... துப்பாக்கி எல்லாத்தையும் ஒருதடவ துடைச்சு எண்ணெய் போட்டுடலாம்னு பார்த்தேன். என் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேனே."

"ஓ. வேட்டைக்கு மொத நாள் துடைக்கப் போறே."

"ஆமா."

"எல்லாத்தையும்."

"ஆமாப்பா."

"நீ எட்டாம் கிளாஸ் படிக்கறப்ப ஒருதடவ துடைச்சே. அதுக்கப்புறம் இப்பதான் ஆசை வந்திருக்கு."

மார்லிஸின் காது சிவந்தது. அவளுக்கும் அலுவலகத்திலிருந்து செய்தி வந்திருக்கிறது, வீட்டில் ஒன்றும் இருக்கக் கூடாது என்று எச்சரித்திருக்கிறார்கள் என்பது அவருக்குப் புரிந்தது. அதை அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. படையில் இருந்தபோது பாலைவனத்தில் குண்டு வெடிக்கும் சாலையில் லாரி ஓட்டியவள். அப்பாவிடம் ஒரு வாக்கியம் சொல்ல முடியாமல் எண்ணெய், துணி என்று திண்டாடுகிறாள்.

அவர் சாவியை எடுத்து நீட்டினார். "நீயே எடுத்துக்கோ. நான் தொடல. கை சுத்தமா இருக்கு, அடக்கத்துக்குப் போகணும்."

அந்தச் சாக்கைக் கேட்டதும் அவள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒவ்வொன்றாக அவள் எடுத்தாள். ஒவ்வொன்றையும் திறந்து, உள்ளே வெறுமையாக இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்து, போர்வையில் சுற்றினாள். சரியாகத்தான் செய்கிறாள். யார் கற்றுக்கொடுத்தது?

"அந்தப் பெரிய ரைஃபிளுக்கு எண்ணெய் கம்மியாப் போடு. குளிர்ல உறைஞ்சிடும்."

"தெரியும்ப்பா."

"தெரியும்னா சரி."

நான்கு துப்பாக்கிகள் போர்வைக்குள் போயின. மார்லிஸ் ஐந்தாவது பள்ளத்தில் விரலை வைத்தாள். அங்கே பச்சைத் துணி மட்டும்தான் இருந்தது.

"சின்னது எங்கப்பா? என்னோடது?"

அது அவள் தன் முதல் மானை வீழ்த்திய சின்ன ரைஃபிள். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, மூக்கு ஒழுக, பல் இளித்துக்கொண்டு அவள் நிற்கும் படம் சமையலறைச் சுவரில் இன்னும் இருக்கிறது.

ரெய்னோ திரும்பிப் பார்த்தார். காலிப் பள்ளத்தைப் பார்த்தார். நெஞ்சில் ஏதோ ஒரு படி தவறியது போலிருந்தது.

"வெய்க்கோ கேட்டான். குடுத்தேன்."

சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. சவப்பெட்டியில் படுத்திருப்பவன் வந்து இல்லை என்று சொல்லமாட்டான்.

"சரி, அப்புறமா வாங்கிக்கலாம்," என்றாள் மார்லிஸ்.

*

கல்லறைத் தோட்டத்து மண் இன்னும் உறையவில்லை. இன்னும் ஒரு வாரம் கழித்துப் போயிருந்தால் குழி தோண்ட முடியாமல் வெய்க்கோவின் உடலை வசந்தம் வரும்வரை கிடங்கில் வைத்திருப்பார்கள்.

"வேட்டைக்கு மொத நாள் அடக்கம் வர்ற மாதிரிப் பார்த்துப் போயிருக்கான் பாரு," என்றார் ஹார்லன். "நாளைக்குன்னா நம்மள்ல பாதிப் பேரு வரமாட்டோம்னு அவனுக்குத் தெரியும்."

கருவிக் கொட்டகைக்குப் பின்னால் சங்கத்து ஆட்கள் கூடியிருந்தார்கள். குடும்பத்தார் இன்னும் தேவாலயத்திலிருந்து வந்து சேரவில்லை. ஆர்வோ தன் வண்டியிலிருந்து சங்கத்து ரைஃபிள்களை இறக்கி, வெற்றுத் தோட்டாக்களைப் பங்கிட்டுக்கொண்டிருந்தான். இது போன்ற வேளைகளில் கட்டளை கொடுப்பவனும் ஆர்வோதான். ரெய்னோவைக் கண்டதும் அவன் கை நின்றது. கடையில் நடந்ததை அவன் ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. ஒரு ரைஃபிளை எடுத்து, தயங்கி, நீட்டலாமா வேண்டாமா என்று அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.

யாருக்கும் தெரியாது. வாங்கிக்கொண்டால் ஆர்வோ காட்டிக்கொடுக்கப் போவதில்லை. மூன்று வெற்று வேட்டுதான். அந்த மரப்பிடியின் சிராய்ப்புகூட ரெய்னோவின் உள்ளங்கைக்குத் தெரியும்.

ஆனால் கள்ளத்தனமாகத் தூக்கிய துப்பாக்கியால் வெய்க்கோவுக்கு மரியாதை செய்வதா? அதற்குச் செய்யாமலே இருக்கலாம்.

"எனக்குத் தோள் சரியில்ல," என்றார் உரக்க. "ஆர்வோ, நீ வரிசையில நில்லு. கட்டளைய நான் குடுக்கறேன்."

"சரிடா. அப்படியே செய்யலாம்," என்றான் ஆர்வோ, மூச்சை விட்டபடி.

"தோளா?" ஹார்லனின் வாய் சும்மா இருந்து ஊர் பார்த்ததில்லை. "முந்தாநாள் ரோட்டுல போறப்ப பார்த்தேனே, நின்னு விறகு பொளந்துட்டிருந்தே!"

"அதான் வலி."

"வலி இல்லடா. நாளைக்கு மான் சுடத் தோள மிச்சம் பிடிக்கறான் பாருங்க!"

நாலைந்து பேர் சிரித்தார்கள். ரெய்னோவும் உதட்டை அசைத்தார். அதோடு விட்டிருக்கலாம். ஹார்லன் விடவில்லை. அவருக்கும் வெய்க்கோ நண்பன்தான். துக்கம் அவருக்கு எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும்.

"எல்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப அவன் உன்கூடவே உக்காந்திருந்தானே, ரெய்னோ. வீட்டுக்குக்கூடப் போகல. அவனுக்கு மூணு தடவ சுட உன் தோள் வரமாட்டேங்குதா?"

கொட்டகைக் கூரையிலிருந்து பனி சரிந்து பொத்தென்று விழுந்தது. ரெய்னோ கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். இதையும் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

"அவர் தோளுக்கு ஒண்ணும் இல்ல."

மார்லிஸ் வண்டியை விட்டு இறங்கி வந்து நின்றிருந்தாள்.

"மார்லிஸ்! வண்டியில போய் உக்காரு."

"மாட்டேன்ப்பா." அவள் ஹார்லனைப் பார்த்துத்தான் பேசினாள். "அவருக்கு உடம்பு முடியாமப் போச்சே, பணங்காசை நான் பார்த்துக்கறேன்னு அலுவலகத்துல கேட்டேன். சரின்னுட்டாங்க. அதோட அவர் பேரைத் தடைப்பட்டியல்ல சேர்த்துட்டாங்க. துப்பாக்கியத் தொடக்கூடாதாம். இது நடக்கும்னு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. ஆனா கேட்டது நான்தான். ஏசறதுன்னா என்னை ஏசுங்க."

ரெய்னோவுக்கு முகமெல்லாம் எரிந்தது. ஒரு வாரமாக மூடி மூடி வைத்ததை ஒரே மூச்சில் நடுவில் போட்டு உடைத்துவிட்டாள்.

"குடும்ப விஷயத்தப் பேச இடம் பார்த்தியா நீ?"

"உங்களுக்கு முன்னாலயே தெரியுமாப்பா?"

அவர் தொப்பியின் விளிம்பை இழுத்துவிட்டுக்கொண்டார். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது. "அதான் தோள் வலியா?" என்றாள், குரல் உடைந்து. "எனக்காகவா?"

எல்லோரும் காலணி நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு ஹார்லன் தொப்பியைக் கழற்றினார்.

"என் மகன் போன வருஷம் என் வண்டிச் சாவிய வாங்கி வச்சுக்கிட்டான்," என்றார். "கிறிஸ்துமஸ் வரைக்கும் அவன்கூடப் பேசல நான். யார்கிட்டயும் சொல்லவும் இல்ல. கண்ணு சரியில்லன்னு டாக்டர் சொன்னது சரிதான்." தொண்டையைச் செருமினார். "நான் சொன்னத மறந்துடு, ரெய்னோ."

"எனக்கு மறதின்னுதான் அவங்களே சொல்றாங்களே. மறந்துட்டேன் போ."

அதற்கு ஒருவரும் சிரிக்கத் துணியவில்லை. மார்லிஸ்தான் முதலில் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"பட்டியல்லேர்ந்து பேரை எடுக்க வழி இருக்கு," என்றான் ஆர்வோ. "மனு போடணும். இந்த ஆளு கையில துப்பாக்கி இருந்தா யாருக்கும் ஆபத்தில்லன்னு டாக்டர் சொல்லணும், தெரிஞ்சவங்க சொல்லணும். நான் சொல்றேன்."

"நானும் சொல்றேன்," என்றார் ஹார்லன்.

வண்டிகளின் விளக்கு வாசலில் தெரிந்தது. குடும்பத்தார் வந்துவிட்டார்கள். ஆர்வோ கையிலிருந்த ரைஃபிளை இன்னும் கீழே வைக்கவில்லை.

"வெய்க்கோ இல்லாததால, நான் வரிசையில நின்னாலும் ஒரு ஆள் குறையுதே," என்றான். "மார்லிஸ், நீ படையில இருந்தவதானே? சங்கத்துல பேரு இருக்கா?"

"பேரு இருக்கு. யாரும் கூப்பிட்டதில்ல."

அவள் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. ஆனால் ரெய்னோவுக்குத் தைத்தது. தன் மகளைத் தானே முன்னால் தள்ளுகிறான் என்று ஊர் பேசக்கூடாதென்று அவர் வாயே திறந்ததில்லை. கௌரவம் என்று நினைத்துத்தான் சும்மா இருந்தார்.

"முதல் ஆளோட இடம் காலியா இருக்கு," என்றார் அவர். "அந்த ஆரஞ்சுத் தொப்பியோட அங்க நிக்கக்கூடாது."

தன் சங்கத் தொப்பியைக் கழற்றி மகள் தலையில் வைத்தார். சற்றுப் பெரிதாக இருந்தது. ஒரு விரலால் நேராக்கினார். கட்டளை கொடுப்பவன் வெறுந்தலையோடு நிற்பது முறையில்லை. இன்று ஒருநாள் நிற்கட்டும்.

பாதிரியார் ஜெபத்தை முடித்தார். ரெய்னோ குதிகாலைச் சேர்த்து நின்றார். நரைத்த தலையில் பனித்தூள் விழுந்தது.

"தயார்!"

குரல் நடுங்கவில்லை. நடுங்குமோ என்றுதான் பயந்திருந்தார்.

"குறி! சுடு!"

முதல் வேட்டு ஒன்றாக வெடித்தது. இரண்டாவதில் யாரோ ஒருவர் கொஞ்சம் பிந்தினார். ஹார்லனாகத்தான் இருக்கும். மூன்றாவது, ஒரே ஆள் சுட்டது போல் ஒரே சத்தம். ஒவ்வொன்றுக்கும் ரெய்னோவின் வலது தோள் தானாக ஒருமுறை குலுங்கியது. மார்லிஸ் ரைஃபிளை இறக்கிய விதத்தைப் பார்த்தார். முழங்கை உடம்போடு ஒட்டியிருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

*

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காப்பியும், ஏலக்காய் மணக்கும் நிசு ரொட்டியும் கொடுத்தார்கள். செய்தி அவர்களுக்கு முன்னாலேயே அங்கே வந்து சேர்ந்திருந்தது. ரெய்னோ எதிர்பார்த்த பார்வைகள் வரவில்லை. இரண்டு பெண்கள் மார்லிஸின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். ஒருத்தி தன் கணவனைக் கண்ணால் காட்டி, "இவருக்கும் இப்படித்தான். எனக்கு என்ன செய்றதுன்னே தெரியல," என்று முணுமுணுத்தாள். இத்தனை வீட்டில் இத்தனை பேர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்களா?

வெய்க்கோவின் மனைவி இம்பி வந்து ரெய்னோவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவர் கேட்டிருந்தா சந்தோஷப்பட்டிருப்பார். மூணாவது வேட்டு ரொம்ப நல்லா இருந்துச்சு."

"ரெண்டாவதுல சொதப்பிட்டாங்க."

"சொதப்பினாத்தான் அவருக்குச் சிரிப்பு வரும்."

மார்லிஸ் குனிந்து அவளை அணைத்துக்கொண்டாள். "அத்தை, இப்ப அவசரமில்ல. அப்பாவோட சின்னத் துப்பாக்கி ஒண்ணு உங்க வீட்டுல இருக்காமே. மெதுவா வந்து எடுத்துக்கறேன்."

"துப்பாக்கியா?" இம்பி விழித்தாள். "எங்க வீட்டுல ஏதும்மா? அவருக்குக் கண்ணு மங்கின வருஷமே எல்லாத்தையும் தம்பி மகனுக்குக் குடுத்துட்டாரே. வேற யார் வீட்டுலயோ சொல்லியிருப்பாரு உங்கப்பா."

ரெய்னோவின் கையிலிருந்த ரொட்டி வாய்க்குப் போகவில்லை. மார்லிஸ் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. "அப்படித்தான் இருக்கும் அத்தை," என்றாள் மெதுவாக.

*

திரும்பும் வழியில் ஏரி சாம்பல் நிறத்தில் கிடந்தது. எதிரே வந்த வண்டிகளிலெல்லாம் வேட்டைக்காரர்களின் ஆரஞ்சுக் கோட்டுகள். விடிந்தால் காடு முழுக்க ஆட்கள் இருப்பார்கள்.

"திங்கக்கிழமை லீவு போடறேன்," என்றாள் மார்லிஸ். "டாக்டரப் பார்க்கலாம். ஆர்வோ சொன்ன மனுவ ஆரம்பிச்சுடலாம். அடுத்த வேட்டைக்குள்ள உங்க பேர எடுத்துடலாம்ப்பா."

சின்னத் துப்பாக்கியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார். விற்றுவிட்டேன் என்றோ, ரிப்பேருக்குக் கொடுத்தேன் என்றோ. சொல்லவும், சொன்னதைக் கடைசிவரை கட்டிக்காக்கவும் அவருக்குத் தெம்பு இருந்தது. அவள் கேட்காமல் விட்டதுதான் தாங்கவில்லை.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. அவர் இறங்கவில்லை.

"மார்லி."

"என்னப்பா?"

"நான் வெய்க்கோகிட்ட குடுக்கல."

"ம்."

"யார்கிட்டயும் குடுக்கல." கண்ணாடிக்கு வெளியே சவுனா என்னும் நீராவிக் குளியலறையின் புகைபோக்கி தெரிந்தது. விறகுக் கொட்டகை தெரிந்தது. அதற்கப்பால் காடு. "அதை எங்க வச்சேன்னு எனக்கு ஞாபகம் இல்ல. கையில எடுத்துட்டு வெளிய போனது மட்டும் தெரியுது. எதுக்குப் போனேன், எப்பப் போனேன், ஒண்ணும் தெரியல."

வாழ்க்கையில் இவ்வளவு கனமான ஒன்றை அவர் தூக்கி யார் கையிலும் கொடுத்ததில்லை. மனு, டாக்டர், ஆர்வோவின் சாட்சி எல்லாவற்றையும் இந்த ஒரு வாக்கியம் கவிழ்த்துவிடும். அது தெரிந்துதான் சொன்னார். ஊருக்கு முன்னால் தன்னைப் போட்டு உடைத்துக்கொண்ட பெண்ணிடம் இன்னொரு பொய்யைச் சொல்ல அவருக்கு மனம் ஒப்பவில்லை.

மார்லிஸ் எஞ்சினை அணைத்தாள். தன் தலையிலிருந்த சங்கத் தொப்பியைக் கழற்றி, அவர் தலையில் வைத்து, அவர் செய்தது போலவே ஒரு விரலால் நேராக்கினாள்.

"வாங்க. வெளிச்சம் இருக்கறப்பவே ரெண்டு பேருமாத் தேடலாம். நீங்க காட்டுங்க, நான் எடுக்கறேன்."

"அந்த மனுவுல இதையும் எழுதணுமா?"

"தெரியலப்பா." அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு, கேட்க விரும்பாத குரலில் கேட்டாள்.

"அதுல தோட்டா இருந்துச்சாப்பா?"

வீட்டுக்குள் தோட்டா போட்ட துப்பாக்கி இருக்கக்கூடாது என்பது கங்காஸ் வீட்டின் முதல் சட்டம். அவளுக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அவர் சொல்லிச் சொல்லி வளர்த்தது. இந்தக் கேள்விக்கு அவரிடம் எந்த நாளும் ஒரே பதில்தான் இருந்திருக்கிறது.

ரெய்னோ அந்தப் பதிலைச் சொல்ல வாயைத் திறந்தார். அது வரவில்லை.